போஸ்டர் கலரும் குவாஷும் ஒண்ணா? முதல் கிளாஸுக்கு எதை வாங்கணும், எதை விடலாம்

நீங்க கேட்டது இதுதான்: அடுத்த மாசத்துலேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு குவாஷ் (தண்ணியில கரையற, அடியில இருக்கறதை மூடற பெயிண்ட்) கிளாஸ்ல சேரப் போறீங்க, டீச்சர் லிஸ்ட் கொடுத்திருக்காங்க, அதுல 24 கலர் டியூப் செட், நூறு சதவீத காட்டன் பேப்பர் பேட், ஏழு பிரஷ், அது இதுன்னு கூட்டிப் பார்த்தா 7,000 ரூபாய் கிட்ட வருது, வீட்டுல பையனோட போஸ்டர் கலர் பாட்டில் சும்மா கிடக்கு, கடைக்காரர் வேற 'ரெண்டும் ஒண்ணுதான் சார்'னு சொல்லிட்டார், அது நிஜமான்னு கேக்கறீங்க. கேள்வி அப்படி இருந்தாலும், இந்த ஏழாயிரத்துல எது அவசியம், எது சும்மா, எதுல கையை சுருக்கினா பின்னாடி அவஸ்தைப்படுவோம்ங்கறதுதான் உங்களுக்கு உண்மையில தெரியணும்னு நினைக்கறேன். அதுக்கே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

யார் சொல்றாங்கன்னு தெரிஞ்சாதான் எவ்வளவு எடுத்துக்கலாம்னு தெரியும், அதனால என்னைப் பத்தி ரெண்டு வரி. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில படிச்சேன், முடிச்சுட்டு கரூர்ல ஒரு ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனி டிசைன் செக்‌ஷன்ல ஒன்பது வருஷம் இருந்தேன். அப்போ கம்ப்யூட்டர் முழுசா வரல, பெட்ஷீட், டேபிள் கிளாத், கர்ட்டன்னு எல்லா டிசைனையும் கையாலதான் போட்டு, சரக்கு வாங்கற பையருக்கு அனுப்பணும், போஸ்டர் கலர்ல பாதி, குவாஷ்ல பாதி. ரெண்டு இஞ்ச் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டா அது இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே சீரா இருக்கணும், நடுவுல திட்டு தெரிஞ்சா சூப்பர்வைசர் ஒரு வார்த்தை பேச மாட்டார், ஷீட்டைக் கவுத்து வெச்சுட்டுப் போயிடுவார். அந்தக் கவுத்து வெச்ச ஷீட்டுங்கதான் எனக்கு காலேஜை விட அதிகமா சொல்லிக் கொடுத்துச்சு. இப்போ திருச்சியில பன்னெண்டு வருஷமா வீக்எண்ட் கிளாஸ் எடுக்கறேன், எல்லாம் உங்களை மாதிரி வேலைக்குப் போறவங்க, ரிட்டையர் ஆனவங்க. கிளாஸ்ல ஒரு அம்மா ரொம்ப நாளா இதை 'கவுச்சி கலர்'னுதான் சொல்லிட்டிருந்தாங்க, நாங்களும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டோம். உச்சரிப்பு குவாஷ். கடையில எப்படிக் கேட்டாலும் கொடுப்பாங்க, கவலை வேண்டாம்.

சரி, ரெண்டும் ஒண்ணா? தூரத்து சொந்தம் இல்ல, அண்ணன் தம்பிதான், ஆனா வேலை செய்யற விதம் வேற. ரெண்டுமே தண்ணியில கரையற, ஒளி ஊடுருவாத கலர். வாட்டர் கலர்ல இருக்கற அதே வேல மரத்துப் பிசின்தான், அதான் கம் அராபிக், குவாஷ்லயும் இருக்கு, ஆனா பிக்மெண்ட், அதாவது நிறம் தர்ற பொடி, அதிகமா இருக்கும், நல்லா நுணுக்கமா அரைச்சிருப்பாங்க. கொஞ்சம் எடுத்துத் தடவினாலே அடியில இருக்கறதை மூடும். விலை குறைஞ்ச போஸ்டர் கலர்ல பிக்மெண்டைக் குறைச்சு சாக்குப் பொடி மாதிரி நிரப்பற சரக்கை அதிகமாப் போடுவாங்க, அதுவும் மூடத்தான் செய்யும், ஆனா கலரால மூடாது, வெள்ளைப் பொடியால மூடும். அதனால பாட்டில்லேர்ந்து எடுத்து நேரா அடிச்சா பளிச்சுனு இருக்கும், ரெண்டு கலரைக் கலந்தா வெளுத்துப் போகும், மூணைக் கலந்தா சாம்பல் பூத்துடும். கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்ல, கலக்காம அடிக்கற வரைக்கும் உண்மை. ஆனா பெயிண்டிங் கிளாஸ்னாலே கலக்கறதுதானே.

இதை யார் சொல்றதையும் நம்பாம நீங்களே வீட்டுல பார்த்துடலாம். ஒரு தடிமனான பேப்பர்ல கறுப்பு மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க, காயட்டும். பையனோட போஸ்டர் கலர்ல மஞ்சளை எடுத்து தயிர் பதத்துல கலந்து அந்தக் கோட்டுக்கு குறுக்கே ஒரே இழுப்பா ஒரு பட்டை போடுங்க. முழுசா காஞ்சதும் மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, கறுப்புக் கோடு எவ்வளவு தெரியுது. ரெண்டு, விரலால லேசா தேய்ச்சா விரல்ல மாவு மாதிரி ஒட்டுதா. மூணாவதுதான் முக்கியம், அது மேல ஈரமான நீலத்தை ஒரே இழுப்பா இழுத்தா அடியில இருக்கற மஞ்சள் கரைஞ்சு எழும்பி வந்து பச்சையாகுதா, இல்ல நீலம் நீலமாவே உக்காருதா. நல்ல குவாஷ்லயும் அடி லேயர் கொஞ்சம் எழும்பும், அது அதோட குணம், தண்ணி பட்டா மறுபடி கரையும். ஆனா ஒரே இழுப்புல கெட்டியா போட்டா தாங்கும். மாவா ஒட்டற கலர் தாங்காது, கிண்டிவிட்ட மாதிரி ஆயிடும். உங்க பாட்டில் இந்த மூணுலயும் ஓரளவு தேறிடுச்சுன்னா முதல் மாசத்துக்கு அதையே வெச்சுக்கோங்க, யாரும் உங்களைக் குறைச்சலா நினைக்க வேண்டியதில்ல. போஸ்டர் கலர்னாலே சின்னப் பசங்க சமாச்சாரம்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஜப்பான்ல ஸ்டூடியோ ஜிப்லி அனிமேஷன் படங்கள்ல வர்ற அந்த வானம், மேகம், காடு பேக்கிரவுண்டு எல்லாம் நிக்கர்ங்கற கம்பெனியோட போஸ்டர் கலர்ல போட்டதுதான். அந்த போஸ்டர் கலர் வேற தரம், நம்ம ஸ்டேஷனரி கடை பாட்டிலோட அதை ஒப்பிட முடியாது, ஆனா பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றதுக்காக சொன்னேன்.

அதே மாதிரி குவாஷ்னா ஏதோ வெள்ளைக்காரன் சரக்குன்னும் நினைக்க வேண்டாம். மியூசியத்துல முகலாய மினியேச்சர் பக்கத்துல ஒட்டியிருக்கற சீட்டுல 'ஒளி ஊடுருவா நீர்வண்ணம்'ங்கற மாதிரி எழுதியிருப்பாங்க, அது இதுவேதான், பிக்மெண்ட், பிசின், தண்ணி. எங்க திருச்சியில 19ஆம் நூற்றாண்டுல அபிரகத் தகடு, அதான் மைக்கா, அது மேல சின்னச் சின்னதா படம் போட்டு வெள்ளைக்காரங்களுக்கு வித்திருக்காங்க, நெசவாளி, தட்டார், கோயில் ஊர்வலம்னு வரிசையா. அபிரகம் கண்ணாடி மாதிரி, ஒரு சொட்டு உறிஞ்சாது, அது மேல நிக்கணும்னா கெட்டியான கலர்தான் நிக்கும். அதை ஒரு தடவை கிட்டப் பார்த்தேன், முந்தானையில இருந்த கோடு ஒரு தலைமுடி அகலம்தான் இருக்கும், அதுவும் கறுப்பு மேல வெள்ளை. இதை வாட்டர் கலர்ல செய்யவே முடியாது. குவாஷோட முழுப் பலமே அதான், இருட்டுல ஆரம்பிச்சு வெளிச்சத்தை மேல வைக்கலாம்.

இப்போ ஒரு எச்சரிக்கை, வருஷத்துக்கு ரெண்டு பேராவது இதுல மாட்டறாங்க. ஆன்லைன்ல குவாஷ்னு தேடினா 'அக்ரிலிக் குவாஷ்', 'அக்ரிலா'ன்னு ஒண்ணு சேர்ந்து வரும். டப்பாவும் அதே மாதிரி, டியூப்பும் அதே மாதிரி. அதுல பிக்மெண்டை ஒட்ட வைக்கறது பிசின் இல்ல, பிளாஸ்டிக் பைண்டர். காஞ்சா காஞ்சதுதான், தண்ணி ஊத்தினாலும் எழும்பாது. சில வேலைக்கு அது ரொம்ப நல்ல சரக்கு, நானே வெச்சிருக்கேன், ஆனா உங்க டீச்சர் 'ஓரத்தை ஈர பிரஷ்ஷால லேசா தடவி மிருதுவாக்குங்க'ன்னு சொல்லும்போது உங்களோடது அசையாது, பேலட்ல, அதான் கலர் கலக்கற தட்டுல, மிச்சம் வெச்சதை அடுத்த வாரம் எடுக்க முடியாது, பிரஷ்ஷை அஞ்சு நிமிஷம் கழுவ மறந்தா பிரஷ் குச்சியாயிடும். ஃபேப்ரிக் பெயிண்ட், சாதா அக்ரிலிக் பாட்டிலும் இதே கதைதான். டியூப் மேல அக்ரிலிக்ங்கற வார்த்தை எங்கயாவது இருந்தா கீழ வெச்சுடுங்க, இல்லன்னா டீச்சரைக் கேட்டுட்டு வாங்குங்க.

கலர் எத்தனை வாங்கணும்ங்கறதுல என் கருத்து கொஞ்சம் கடுமையா இருக்கும். 24 வேண்டாம். அந்த 24ல எட்டு பச்சையும் பிங்க்குமா சும்மா கிடக்கும், அதுவும் போக அதெல்லாம் ஏற்கெனவே வெள்ளை கலந்த கலரா இருக்கும், நீங்களே கலந்து எடுத்துக்கக்கூடியது. அதை விட மோசம், ரெடிமேட் பச்சை கையில இருந்தா கலக்கக் கத்துக்க மாட்டோம், வாழை இலைக்கும் அதே பச்சை, வேப்ப மரத்துக்கும் அதே பச்சை. தனித்தனி டியூப்பா கிடைச்சா பத்து போதும்: எலுமிச்சை மஞ்சள், கொஞ்சம் ஆரஞ்சு சாயல்ல இருக்கற மாம்பழ மஞ்சள், ஸ்கார்லெட் மாதிரி சூடான சிவப்பு, க்ரிம்சன் இல்லன்னா ரோஸ், அல்ட்ராமரின், பிரஷ்யன் அல்லது தேலோ நீலம், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, கறுப்பு, வெள்ளை. சிவப்பு ஏன் ரெண்டு, நீலம் ஏன் ரெண்டுன்னு கேப்பீங்க. ஸ்கார்லெட்டையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து கத்திரிப்பூ கலர் எடுக்கப் பாருங்க, சேத்துக் கலர்தான் வரும், ஏன்னா ஸ்கார்லெட்ல மஞ்சள் சாயல் ஒளிஞ்சிருக்கு, பிரஷ்யன்ல பச்சை சாயல். க்ரிம்சனையும் அல்ட்ராமரினையும் எடுத்து கொஞ்சம் வெள்ளை விட்டா கத்திரிப்பூ தானா வந்து நிக்கும். கறுப்பை ரொம்பப் பேர் ஒதுக்கச் சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன், எலுமிச்சை மஞ்சள்ல துளி கறுப்பு விட்டா வர்ற அந்த மங்கலான இலைப்பச்சை எந்த டியூப்லயும் வராது.

தனி டியூப் கிடைக்கற ஊர் எல்லாம் சென்னை மாதிரி நாலஞ்சுதான், மத்த இடத்துல செட்டாத்தான் கிடைக்கும், அப்படின்னா 12 கலர் செட் வாங்குங்க. இங்க சுலபமா கிடைக்கறதுல ப்ரஸ்ட்ரோ குவாஷ் செட்டை என் கிளாஸ்ல பாதிப் பேர் வெச்சிருக்காங்க, பழகறதுக்குத் தாராளமாப் போதும். வின்சர் அண்ட் நியூட்டன் டிசைனர்ஸ் குவாஷ் 14 மில்லி டியூப்பா வரும், ஹோல்பைன் 15 மில்லி, ரெண்டும் அருமையான சரக்கு, கரூர்ல இருந்தப்போ பையர் கலர் கார்டுக்கு மேட்ச் பண்றதுக்கு மட்டும் பூட்டி வெச்சிருந்ததை எடுத்துக் கொடுப்பாங்க. முதல் ஆறு மாசத்துக்கு அது உங்களுக்குத் தேவையில்ல, பயந்து பயந்து பட்டாணி அளவு பிதுக்கிட்டு இருப்பீங்க, குவாஷ் பயந்து பிதுக்கினா வராது.

ஆனா ஒரே ஒரு டியூப்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெள்ளை. எந்த செட்டா இருந்தாலும் வெள்ளை மத்த கலர் அளவுக்குத்தான் இருக்கும், செலவாகறதோ மூணு நாலு மடங்கு. மூணாவது வாரமே காலியாகி, கிளாஸ்ல பக்கத்துல இருக்கறவங்ககிட்ட 'கொஞ்சம் வெள்ளை இருக்கா'ன்னு கையேந்தறதை ஒவ்வொரு பேட்ச்லயும் பார்க்கறேன். செட் எதுவா இருந்தாலும் வெள்ளையைத் தனியா ஒரு பெரிய டியூப், முடிஞ்சா செட்டை விட ஒரு படி மேலான தரத்துல வாங்குங்க. டியூப் பின்னாடி சின்ன எழுத்துல பிக்மெண்ட் கோடு போட்டிருப்பாங்க, பி.டபிள்யூ. 6னு இருந்தா டைட்டானியம் வெள்ளை, அதான் நல்லா மூடும். பி.டபிள்யூ. 4னு இருந்தா ஜிங்க் வெள்ளை, அது மிதமானது, கலர்ல கலந்து வெளிர் சாயல் எடுக்க நல்லா இருக்கும், ஆனா மேல வைக்கற ஹைலைட்டுக்குப் பத்தாது. ஒண்ணுதான் வாங்க முடியும்னா டைட்டானியம். போஸ்டர் கலரையே வெச்சு ஆரம்பிக்கறவங்ககிட்டயும், வெள்ளையை மட்டும் நல்ல குவாஷ்ல வாங்குங்கன்னுதான் சொல்றேன், கலவை வெளுத்துப் போற பிரச்சினை தீராது, ஆனா மேல வைக்கற வெளிச்சம் நிக்கும்.

வெயில்ல நிறம் போறதைப் பத்தி ஒரு வார்த்தை. புடவைக் கடையில வாடாமல்லின்னு சொல்றாங்களே, அந்தக் கலர் எந்த சிவப்பையும் நீலத்தையும் கலந்தும் வராது, அதுக்குன்னே ரோஸ், மெஜெண்டா வாங்கணும். அதுல கண்ணைப் பறிக்கற ஓபெரா பிங்க் மாதிரி டியூப்ல ஃப்ளோரசண்ட் சாயம் கலந்திருப்பாங்க, அது நிலைக்காது. எனக்கு இதை யாரும் சொல்லித் தரல, வீட்டு மேற்கு ஜன்னல்ல ஒரு கலர் கார்டை ஒட்டி பாதியை கறுப்பு சார்ட் பேப்பரால மூடி வெச்சேன், மூணு மாசம் கழிச்சுப் பிரிச்சா ஓக்கர் அப்படியே இருக்கு, பர்ன்ட் சியென்னா அப்படியே இருக்கு, அந்த பிங்க் மட்டும் பழைய பில் பேப்பர் மாதிரி ஆயிடுச்சு. மெஜெண்டா வேணும்னா பி.ஆர். 122ன்னு ஒரே ஒரு கோடு போட்டதைத் தேடுங்க, அது பரவாயில்ல, நல்லாவே நிக்கும். இது கிளாஸ் நோட்டுப் பயிற்சிக்கு ஒரு பொருட்டே இல்ல, யாருக்காவது பரிசாக் கொடுக்கற படம்னா மட்டும் யோசிங்க.

இனிமே பேப்பர், இங்கதான் உங்க ஏழாயிரத்துல பெரிய மிச்சம் இருக்கு, பெரிய ஆபத்தும் இருக்கு. நூறு சதவீத காட்டன் பேப்பர் வாட்டர் கலருக்கு உயிர், குவாஷுக்கு சொகுசு. குவாஷ் பேப்பர் மேல உக்கார்ற கலர், உள்ள இறங்கி ஓடற கலர் இல்ல, அதனால சாதா செல்லுலோஸ்ல, அதான் மரக்கூழ் பேப்பர்ல, 300 ஜிஎஸ்எம் (பேப்பர் எவ்வளவு கனம்னு சொல்ற எடைக் கணக்கு) இருந்தாப் போதும், கேன்சன் எக்ஸ்எல் மாதிரி ஒண்ணு. ஆனா 300ஐக் குறைக்காதீங்க. ஸ்கூல் டிராயிங் நோட்டு, மெல்லிசு கார்ட்ரிட்ஜ் ஷீட்ல போட்டா ரெண்டாவது லேயர்லயே அப்பளம் மாதிரி சுருளும், சுருண்ட பேப்பர் பள்ளத்துல கலர் தேங்கும், தேங்கின இடம் கெட்டியாகி காஞ்சதும் வெடிக்கும், அதைப் பார்த்து 'எனக்கு வரைய வரல'ன்னு நினைச்சுக்குவாங்க. வரைய வராம இல்ல, பேப்பர் மெல்லிசு, அவ்வளவுதான். புதுசா வர்றவங்களோட பிரச்சினையில பாதிக்கு மேல பேப்பராலதான்னு அடிச்சு சொல்வேன்.

மிச்சம் பிடிக்க ஒரு வழி, பேட் வாங்காம 22க்கு 30 இஞ்ச் முழு ஷீட்டா வாங்கி எட்டாக் கிழிச்சுக்கோங்க, ஒவ்வொண்ணும் பதினொண்ணுக்கு ஏழரை இஞ்ச் வரும், கிளாஸுக்கு அம்சமான அளவு. கடையில கையால செஞ்ச பேப்பர்னு அழகா ஓரம் பிசிறோட காட்டுவாங்க, அதுல சிலதுல சைஸிங், அதான் தண்ணியை சட்டுனு உறிஞ்சாம இருக்கப் பேப்பர்ல சேர்க்கற பசை, சரியா இருக்காது, ஒரு சொட்டுத் தண்ணி வெச்சுப் பாருங்க, பொட்டு மாதிரி நின்னா நல்லது, சர்ருனு உறிஞ்சுட்டா அது ஊறுகாய் பேப்பர், வேண்டாம். நல்ல பேப்பரையும் மழைக்காலத்துல திறந்து போட்டா ஈரத்துல சைஸிங் போயிடும், பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுக்குள்ள வைங்க. பயிற்சிக்கு இன்னொண்ணு இருக்கு, சிரிக்காதீங்க, கல்யாணப் பத்திரிகை. பளபளப்பு இல்லாத தடிமனான அட்டை, பின்பக்கம் காலியா இருக்கும், கலர் கலந்து பார்க்க, பட்டை போட்டுப் பழக அதை விட நல்லது காசு கொடுத்தாலும் கிடைக்காது. எங்க கிளாஸ்ல வைகாசி, ஆவணி முடிஞ்சா ஒரு கட்டு வந்து சேரும்.

பிரஷ் ஏழு வேண்டாம், மூணு. அரை இஞ்ச் ஃபிளாட் ஒண்ணு, 8 நம்பர் ரவுண்ட் ஒண்ணு, 2 நம்பர் ரவுண்ட் ஒண்ணு, எல்லாம் சிந்தெட்டிக் முடி. கேமல் கம்பெனியில 66னு ரவுண்ட் சீரிஸ், 67னு ஃபிளாட் சீரிஸ் இருக்கு, தங்கக் கலர் முடி, அது போதும். ரொம்ப மிருதுவான முடி கெட்டிக் கலரைத் தள்ளாது, வளைஞ்சு கொடுத்துடும். சுவருக்கு அடிக்கற மாதிரி விறைப்பான பன்றி முடி வேற மாதிரி தொல்லை, கோடு கோடா தடம் விட்டு அடி லேயரைப் பெயர்த்து எடுத்துடும். வாங்கும்போது 2 நம்பரை மட்டும் கடையிலயே தண்ணி கேட்டு நனைச்சு ஒரு உதறு உதறிப் பாருங்க, புது பிரஷ்ல பசை போட்டு முனையைக் கூர்மையா காட்டியிருப்பாங்க, பசை கரைஞ்ச பிறகும் ஊசி மாதிரி முனை வந்தா எடுங்க, பாம்பு நாக்கு மாதிரி ரெண்டாப் பிரிஞ்சா வேற கேளுங்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். அப்புறம் முனையைக் கூர்மையாக்க வாயில வைக்கற பழக்கம் நம்ம போர்டு ஆர்ட்டிஸ்ட் நிறையப் பேருக்கு உண்டு, எனக்கே இருந்துச்சு, வேண்டவே வேண்டாம், கேட்மியம் மாதிரி பிக்மெண்ட் இருக்கற டியூப்பும் செட்டுல இருக்கலாம். வீட்டுல சின்னப் பையன் வேற தொடுவான்னா டப்பால வட்டத்துக்குள்ள ஏ.பி.ன்னு, விஷத்தன்மை இல்லன்னு சொல்ற முத்திரை இருக்கான்னு பாருங்க.

பேலட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. வெள்ளை பீங்கான் தட்டு, இல்ல வீடு கட்டினப்போ மிஞ்சின வெள்ளை டைல்ஸ் ஒண்ணு. எவர்சில்வர் தட்டு வேண்டாம், அது மேல கலரோட சாயலே சரியாத் தெரியாது, பிளாஸ்டிக் பேலட்ல கலவை முத்து முத்தா உருண்டுக்கும். தண்ணிக்கு ரெண்டு பாட்டில், ஒண்ணு கழுவ, ஒண்ணு கலக்க, ரெண்டையும் மாத்திப் போட்டா வெள்ளை மண்ணாங்கட்டி ஆயிடும். துடைக்க டிஷ்யூ பேப்பர் லிஸ்ட்ல இருந்தா அடிச்சுடுங்க, பழைய காட்டன் வேட்டிதான் பெஸ்ட். சலூன்ல முடிக்குத் தெளிப்பாங்களே அந்த ஸ்பிரே பாட்டில் ஒண்ணு வேணும், எதுக்குன்னு சொல்றேன்.

நம்ம ஊர்ல குவாஷோட முதல் எதிரி தலைக்கு மேல சுத்தற ஃபேன். புத்தகத்துலயும் வீடியோவுலயும் 'மெதுவா காயும், ஓரத்தை மிருதுவாக்கலாம்'னு சொல்றது குளிர் தேசத்துக் கணக்கு. மே மாசம் ஃபேனுக்கு அடியில உக்காந்து ஒரு பட்டை போட்டீங்கன்னா பட்டையோட வால் முடியறதுக்குள்ள தலை காஞ்சுடும், திரும்ப ஈர பிரஷ் வெச்சா திட்டு. போன வருஷம் ரெண்டாவது சனிக்கிழமை கிளாஸ்ல ஒருத்தர், எல்ஐசியில இருந்து ரிட்டையர் ஆனவர், ஆகாயம் போடறார், நாலு தடவை கலந்தும் கோடு கோடா வருது, டியூப் டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டே இருந்தார். கரெண்ட் போச்சு. வேர்க்க விறுவிறுக்க அஞ்சாவது தடவை போட்டார், சீரா கண்ணாடி மாதிரி உக்காந்துச்சு. அப்புறம்தான் எல்லாரும் மேல பார்த்தோம். ஃபேனை நிறுத்த முடியாதுன்னா நேர் அடியிலேர்ந்து தள்ளி உக்காருங்க, தேவையான அளவுக்கு முன்கூட்டியே கலந்து வெச்சுக்கோங்க, பேலட் மேல அப்பப்போ அந்த ஸ்பிரேயை ஒரு தடவை அடிங்க.

பதம் பத்தி எல்லாரும் கேப்பாங்க, மோர், தயிர், தோசை மாவு, இந்த மூணுதான். முதல் அடிப்படை லேயர் மோர் பதம், நடு லேயர் தயிர், கடைசியில வைக்கற வெளிச்சம் தோசை மாவு. அடியில தோசை மாவு போட்டு மேல மோர் ஊத்தினா எல்லாம் கலங்கிடும். இட்லி மாவு அளவுக்குக் கெட்டியாப் போனா காஞ்சு வெடிக்கும். அப்புறம் காயும்போது கலர் மாறும், இதைத் தெரிஞ்சுக்காம வந்தா முதல் மாசம் பைத்தியம் பிடிக்கும்: வெளிர் கலர் எல்லாம் காஞ்சதும் கொஞ்சம் இருட்டாகும், இருட்டான கலர் எல்லாம் கொஞ்சம் வெளிறும். எவ்வளவு மாறும்ங்கறது பிராண்டுக்கு பிராண்டு, கலருக்கு கலர் வேற, அதனால பத்திரிகை அட்டையில ஒரு தீத்து தீத்திக் காய வெச்சுப் பார்த்துட்டுத்தான் படத்துல கை வைக்கணும்.

ஜெல்லி மாதிரி கப்புல வர்ற செட், ஹிமின்னு ஆன்லைன்ல அழகா காட்டுவாங்களே, அதைப் பத்தியும் கேப்பீங்கன்னு தெரியும். கப் பெருசு, 30 மில்லி, விலைக்கு அளவு ஜாஸ்தி, பயம் இல்லாம அள்ளிப் போடலாம், அது நிஜமாவே நல்ல விஷயம். தொல்லை என்னன்னா எப்பவும் ஈரமா மூடி வைக்கற எந்த குவாஷும் நம்ம புழுக்கத்துல பூசணம் பிடிக்க வாய்ப்பு அதிகம், பிசின்னா அதுக்கு சாப்பாடு மாதிரி. வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் திறக்கறவங்களுக்கு டியூப்தான் பாதுகாப்புன்னு நான் நினைக்கறேன், தினமும் வரையறவங்கன்னா கப் வாங்கலாம். இது என் விருப்பம்தான், கப் வெச்சு வருஷக்கணக்கா வரையற ஸ்டூடண்டும் எனக்கு இருக்காங்க. டியூப்புலயும் ஒண்ணு நடக்கும், திறந்ததும் கலருக்கு பதிலா மஞ்சளா ஒரு தண்ணி வழியும், சரக்கு கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க, பிசின் பிரிஞ்சு மேல வந்திருக்கு, மூடிட்டு டியூப்பை நல்லா பிசைஞ்சு, ஊக்கு விட்டுக் கலக்கினாப் போதும். கல்லாக் காஞ்ச டியூப்பைக்கூட நீளவாக்குல கிழிச்சு உள்ள இருக்கறதை வாட்டர் கலர் கட்டி மாதிரி நனைச்சு எடுத்துக்கலாம், கெட்டியா பட்டை போட வராது, மெல்லிசு வேலைக்கு ஓடும்.

ஆக உங்க இடத்துல நான் இருந்தா, முதல்ல ரெண்டு முழு ஷீட் 300 ஜிஎஸ்எம், அப்புறம் அந்த மூணு பிரஷ், அப்புறம் பெரிய வெள்ளை டியூப், மிச்சக் காசு இருந்தா 12 கலர் செட், இல்லன்னா பையனோட பாட்டிலே ஒரு மாசத்துக்கு. இதுக்கு ஏழாயிரத்துல பாதி கூட ஆகாது. ஆனா லிஸ்ட்டை நானா திருத்திட்டேன்னு உங்க டீச்சர்கிட்ட சொல்லாம போய் நிக்காதீங்க, அவங்க 24 கலர் கேட்டதுக்கு நான் யோசிக்காத காரணம் ஏதாவது இருக்கலாம், எல்லாரும் ஒரே டியூப் நம்பரை எடுத்தாதான் சொல்லிக் கொடுக்க முடியும்ங்கற மாதிரி. சேர்றதுக்கு முன்னாடி போன் பண்ணி மூணு கேள்வி மட்டும் கேளுங்க: பிசின் குவாஷா அக்ரிலிக் குவாஷா, முதல் நாலு வாரத்துக்கு எந்தெந்தக் கலர் கை வைப்போம், படம் என்ன சைஸ். மூணாவதுக்கு ஏ3ன்னு சொன்னாங்கன்னா நான் சொன்ன எட்டாக் கிழிக்கற கணக்கு மாறிடும், முழு ஷீட்டை நாலாத்தான் வெட்டணும், அதுவும் ஏ3க்கு ஒரு பக்கம் ஒன்றரை இஞ்ச் கிட்ட குறையும், அப்போ பேப்பர் மட்டும் அவங்க சொன்ன பேட்டையே வாங்கிடுங்க.